கவுன்சிலிடம் இருக்கும் நம் கோப்பு

லண்டனில் ஒரு கவுன்சிலுக்கு, அதாவது உள்ளூராட்சி மன்றத்துக்கு, நம்மைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பது, நாம் அதனிடம் எவ்வளவு உதவி கேட்டிருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. சொந்த வீடு, நல்ல சம்பளம், பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி என்று இருக்கும் ஒருவரைப் பற்றி அதற்குத் தெரிந்தது பெயர், விலாசம், வரி கட்டும் வங்கிக் கணக்கு, அவ்வளவுதான். அதே தெருவில் இரண்டு பிள்ளைகளோடு ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கும் ஒரு தாய் வீட்டு உதவிக்கு விண்ணப்பித்தால், வங்கிக் கணக்கின் ஒவ்வொரு வரியும், விசா நிலையும், பிள்ளையின் மருத்துவ அறிக்கையும், கணவனை ஏன் விட்டு வந்தார் என்பதும் கவுன்சிலின் கணினியில் ஏறிவிடும். இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். தனிப்பட்ட விவரங்களின் பாதுகாப்பு என்றால் ஏதோ கணினிக்காரர்களின் கவலை என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது முதலில் ஏழைகளின் கவலை.

சனிக்கிழமைகளில் ஒரு தமிழ்ச் சமூக மண்டபத்தில் ஆட்களுக்குப் படிவம் நிரப்ப உதவுகிறேன். வருகிறவர்களில் அதிகம் பேர் இலங்கைத் தமிழர். அடுத்தபடியாக, பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்தில் பிரஜாவுரிமை எடுத்துவிட்டு இங்கே பெயர்ந்து வந்தவர்கள். இப்போது தமிழ்நாட்டிலிருந்து பராமரிப்பு வேலைக்கு வந்தவர்களும் வருகிறார்கள். கவுன்சில் வரிக் குறைப்பு, வீட்டுக்கான காத்திருப்புப் பட்டியல், ப்ளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளிகளுக்கான வாகன நிறுத்த அட்டை), பள்ளி இடம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம். "பிள்ளை, இதெல்லாம் ஏன் கேக்கினம்?" என்று அநேகமாக எல்லாரும் கேட்பார்கள். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை: கொடுத்த பிறகு இது எங்கெங்கே போகும்?

வங்கி அறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு மூன்று மாதத்துக்கு உரியதைக் கேட்பார்கள். ஒரு அக்காவுக்கு வரிக் குறைப்புக் கேட்டு விண்ணப்பித்தபோது அந்தப் பக்கங்களை நானே ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்தேன். கோயிலுக்கு ஒரு சிறு தொகை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பிய காசு. மருந்துக் கடை. மாதா மாதம் ஒரே ஆளின் கணக்குக்கு 200 பவுண்ட். அந்தப் பக்கங்களைப் பார்த்த அதிகாரிக்கு அவருடைய மதம் தெரியும், ஊரில் யார் இருக்கிறார்கள் என்று தெரியும், உடம்பில் ஏதோ வருத்தம் என்றும் தெரியும். இதில் எதையும் படிவம் நேராகக் கேட்கவில்லை. அந்த 200 பவுண்டைப் பற்றி மட்டும் கேள்வி வந்தது: இவர் யார், இந்தக் காசு எதற்கு, இது மறைத்து வைத்த சேமிப்பா? அது சீட்டுக் காசு. சீட்டு என்றால் என்ன, எத்தனை பேர், கழிவு எப்படிப் போகும், சீட்டை நடத்தும் தாய்ச்சி யார் என்றெல்லாம் விளக்கி ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். தாய்ச்சியின் பெயரையும் எழுதச் சொன்னார்கள். அந்தப் பெண் தன் வாழ்நாளில் கவுன்சிலிடம் ஒரு பென்னி கேட்டதில்லை. இப்போது வேறொருவரின் கோப்பில் அவருடைய பெயர் இருக்கிறது. அது அங்கே இருப்பதை அவருக்குச் சொல்லவேண்டும் என்று கவுன்சிலில் யாருக்கும் தோன்றவில்லை.

படிவத்தின் கடைசியில் ஒரு கையெழுத்து வாங்குகிறார்கள். அதை வைத்து இரண்டு விதமான நம்பிக்கைகள் நம்மிடம் உலவுகின்றன. கையெழுத்துப் போட்டுவிட்டோம், இனி அவர்கள் எதையும் செய்யலாம் என்பது ஒன்று. நம்மைக் கேட்காமல் அவர்கள் யாருக்கும் கொடுக்க முடியாது என்பது மற்றது. இரண்டுமே சரியில்லை. 2018-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, ஒரு கவுன்சில் நம் விவரங்களைப் பயன்படுத்துவதற்குப் பெரும்பாலும் நம் சம்மதம் அடிப்படையே இல்லை. சட்டம் தனக்குக் கொடுத்த பொதுக் கடமையைச் செய்கிறேன் என்பதுதான் அதன் அடிப்படை. ஆகவே நாம் சம்மதத்தைத் திரும்பப் பெற்றாலும் பெரிதாக எதுவும் மாறாது. பொதுக் கடமைக்காக வைத்திருக்கும் விவரத்தை 'அழித்துவிடு' என்று கேட்கும் உரிமையும் பொதுவாகக் கிடையாது. ஆனால் 'காட்டு' என்று கேட்கலாம், 'திருத்து' என்று கேட்கலாம், 'இப்படிப் பயன்படுத்துவதை நான் எதிர்க்கிறேன், காரணம் இது' என்று எழுதலாம். இந்த மூன்றும் பலமான உரிமைகள். நம்மில் அவற்றைப் பயன்படுத்தியவர்கள் அபூர்வம்.

கவுன்சில் விவரங்களைப் பகிரும் வழிகளில் நம் வீடுகளை அதிகம் தொடுவது தேசிய மோசடித் தடுப்புத் திட்டம். 1996-இல் தொடங்கியது. குறிப்பிட்ட கால இடைவெளியில் கவுன்சில்கள் தங்கள் சம்பளப் பட்டியல், அரசு உதவித்தொகை (பெனிஃபிட்) பட்டியல், கவுன்சில் வரிப் பட்டியல், வாக்காளர் இடாப்பு (வாக்காளர் பட்டியல்) போன்றவற்றை அந்தத் திட்டத்துக்கு அனுப்பவேண்டும். அவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, எங்கே இடிக்கிறதோ அதைத் திருப்பி அனுப்புவார்கள். 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இதற்கு அதிகாரம் கொடுக்கிறது. யாருடைய சம்மதமும் தேவையில்லை.

இது நம் வீட்டுக்குள் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். வீட்டில் வயது வந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் கவுன்சில் வரியில் 25 சதவீதம் கழிவு உண்டு. கணவரை இழந்த ஒரு அக்கா அந்தக் கழிவோடு இருக்கிறார். ஊரிலிருந்து மச்சானின் மகன் படிக்க வருகிறான். நிலையான இடமில்லாத தம்பி, கடிதங்கள் வர அக்காவின் விலாசத்தைக் கொடுக்கிறான். வங்கிக்கும் அதே விலாசம், டாக்டரிடமும் அதே விலாசம், வாக்காளராகப் பதிந்ததும் அங்கேதான். புதிதாக வந்தவனுக்கு ஒரு விலாசம் கொடுப்பது நம்மிடையே சாதாரண உதவி. ஒரு நாள் அக்காவுக்குக் கடிதம் வரும்: உங்கள் வீட்டில் இன்னொருவர் வசிப்பதாகத் தெரிகிறது, கழிவை நிறுத்தப் போகிறோம், பழைய காலத்துக்கும் சேர்த்துக் கட்டவேண்டி வரலாம். அக்கா பயந்துபோய்க் கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவார். அதுதான் செய்யக் கூடாதது. பட்டியல்கள் இடிப்பது மோசடிக்கு ஆதாரம் ஆகாது, விசாரித்த பிறகே முடிவெடுக்கவேண்டும் என்று அந்தத் திட்டத்தின் நடைமுறை விதியே சொல்கிறது. பதில் எழுதினால் அநேகமாகத் தீர்ந்துவிடும். எழுதாமல் விட்டால் அந்த முரண்பாடே முடிவாகிவிடும்.

பகிர்வதே தவறு என்று நான் நினைக்கவில்லை. 2020 மார்ச்சில் கோவிட் வந்தபோது, கடும் நோயுள்ளவர்களின் பட்டியலை மருத்துவத் துறை கவுன்சில்களுக்குக் கொடுத்தது. அதனால்தான் தனியாக இருந்த எத்தனையோ முதியவர்களின் வாசலுக்குச் சாப்பாட்டுப் பெட்டி வந்தது. இன்னொன்று, மரணத்தைப் பதியும்போது கிடைக்கும் 'டெல் அஸ் வன்ஸ்' சேவை. பதிவாளர் ஒரு இலக்கம் கொடுப்பார். அதை வைத்து ஒரே தடவை சொன்னால் போதும்: ஓய்வூதியம், வருமான வரி, பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், கவுன்சில் வரி எல்லாவற்றுக்கும் செய்தி போய்விடும். செத்த வீட்டுச் சனத்துக்கு, அந்தத் துக்கத்தில் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஃபோன் எடுத்து 'அவர் போய்விட்டார்' என்று திரும்பத் திரும்பச் சொல்லும் வேதனை இல்லை. இந்த இரண்டிலும் பகிர்ந்ததன் நோக்கம் விவரத்துக்குச் சொந்தக்காரருக்குத் தெரியும், பலனும் அவருக்கே வந்தது. நான் அளந்து பார்ப்பது இந்த இரண்டையும் வைத்துத்தான்.

வாக்காளர் இடாப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதைத் தொட்டாலே நம்மவர்களின் முகம் மாறும். 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தன. அதற்குப் பின் போர்க் காலத்தில், கொழும்பில் தங்கிய தமிழர் பொலிசில் பதியவேண்டியிருந்தது. போர் முடிந்த பிறகும் வடக்கில் இராணுவம் வீடு வீடாகப் போய்க் குடும்பமாக நிற்க வைத்துப் படம் எடுத்துப் பதிந்தது. இதையெல்லாம் கடந்து வந்த ஒரு ஐயா, "பேர் எங்கேயும் இருக்கக் கூடாது தம்பி" என்று சொல்லும்போது, அது அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. பெயர்ப் பட்டியல் ஒன்று கைமாறினால் என்ன நடக்கும் என்பது அவர் கண்ணால் கண்டது.

ஆனாலும் இங்கே பதியத்தான் வேண்டும் என்று அவரிடம் நான் வாதாடுவேன். இலங்கையும் இந்தியாவும் காமன்வெல்த் நாடுகள் என்பதால், இங்கே இருக்க அனுமதியுள்ள அந்த இரு நாட்டுப் பிரஜைகளுக்கு, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும், பாராளுமன்றத் தேர்தலில்கூட வாக்கு உண்டு. இடாப்பில் இல்லாதவர்களுக்குக் கடன் கிடைப்பதும் கஷ்டம். கவுன்சில் வருடந்தோறும் அனுப்பும் விசாரணைப் படிவத்துக்குத் தேவையான விவரம் கொடுக்காவிட்டால் 1,000 பவுண்ட் வரை தண்டம் விதிக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆகவே பதியுங்கள். ஆனால் இடாப்பு இரண்டு வகை என்பதைத் தெரிந்துகொண்டு பதியுங்கள்.

முழு இடாப்பு ஒன்று. அது தேர்தலுக்கும், கட்சிகளுக்கும், கடன் தகுதி பார்க்கும் நிறுவனங்களுக்கும் போகும். இன்னொன்று திறந்த இடாப்பு. அதை எவரும் எந்தக் காரணத்துக்கும் விலைக்கு வாங்கலாம். கணினிக் கோப்பாக வாங்கினால் 20 பவுண்ட், அதோடு ஆயிரம் பெயருக்கு 1 பவுண்ட் 50 பென்ஸ். ஆயிரம் குடியிருப்பாளரின் பெயரும் விலாசமும் ஒன்றரைப் பவுண்ட்! முன்பு இந்தப் பிரிவுகூட இல்லை, முழு இடாப்பையே விற்றார்கள். வேக்ஃபீல்ட் கவுன்சிலின் எல்லைக்குள் வாழ்ந்த ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர், என் பெயரை வியாபாரிகளுக்கு விற்காதீர்கள் என்று எழுதினார். கவுன்சில் மறுத்தது. அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2001 நவம்பரில் வென்றார். அதன் விளைவாகத்தான் அடுத்த வருடமே இடாப்பு இரண்டாகப் பிரிந்து, விலகிக்கொள்ளும் வசதியும் வந்தது. இன்று எல்லோரும் பதியும்போது காணும் அந்தச் சிறு பெட்டி அவர் நடத்திய வழக்கின் பலன். அதில் ஒரு அடையாளம் போட்டால் திறந்த இடாப்பில் உங்கள் பெயர் வராது, வாக்குரிமைக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. முன்பே பதிந்தவர்கள் கவுன்சிலின் தேர்தல் பிரிவுக்கு எப்போது வேண்டுமானாலும் எழுதலாம்.

கணவனின் அடி உதைக்குப் பயந்து வீடு மாறிய பெண்களுக்கு இதுவும் போதாது. முழு இடாப்பை எவரும் கவுன்சில் அலுவலகத்துக்குப் போய் மேற்பார்வையில் பார்க்கலாம், கையால் குறிப்பும் எடுக்கலாம். அவர்களுக்கு அநாமதேயப் பதிவு என்று தனி வழி இருக்கிறது. நீதிமன்ற உத்தரவோ, தகுதியுள்ள அதிகாரி ஒருவரின் உறுதிமொழியோ கொடுத்தால், பெயரும் விலாசமும் இல்லாமல் வெறும் இலக்கத்தோடு பதியலாம். இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாமல், தேடி வருவானோ என்ற பயத்தில் பதியாமல் இருக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். இதை வாசிப்பவர்கள் தயவுசெய்து மற்றவர்களுக்கும் சொல்லுங்கள்.

பள்ளி இடம் பற்றியும் ஒரு செய்தி. நல்ல பள்ளிக்கு இடம் எடுக்க நம் பெற்றோர் படும் பாடு எல்லோருக்கும் தெரியும். விண்ணப்பத்தில் கொடுத்த விலாசத்தைக் கவுன்சில்கள் தங்கள் வரிப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். டோர்செட்டில் உள்ள பூல் கவுன்சில் 2008-இல் அதற்கும் மேலே போனது. ஒரு குடும்பம் உண்மையில் அந்தப் பள்ளியின் எல்லைக்குள்தான் வசிக்கிறதா என்று பார்க்க, மூன்று வாரம் அவர்களைப் பின்தொடர்ந்து உளவு பார்த்தது. அதற்குப் பயன்படுத்தியது விசாரணை அதிகாரங்கள் பற்றிய 2000-ஆம் ஆண்டுச் சட்டம். குடும்பம் சொன்னது உண்மைதான். உளவு பார்த்தது சட்ட விரோதம் என்று 2010-இல் தீர்ப்பாயம் சொன்னது. 2012-இல் சட்டம் இறுகியது: இப்போது இப்படி மறைந்திருந்து கண்காணிக்க ஒரு கவுன்சிலுக்கு நீதவானின் அனுமதி வேண்டும்.

இனி, எனக்கு ஆத்திரம் வரும் இடம். விசாவில் 'பொது நிதி உதவி கிடையாது' என்ற நிபந்தனை உள்ள குடும்பங்கள் நம்மில் நிறைய. கணவன் விட்டுப் போய்விட்டான், கையில் காசில்லை, பிள்ளைகள் தெருவுக்கு வரும் நிலை என்றால், 1989-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 17-ஆம் பிரிவின் கீழ் கவுன்சில் பிள்ளையின் நலனுக்காக உதவலாம். விசா நிபந்தனை அதைத் தடுக்காது. ஆனால் அந்தக் கதவைத் தட்டியவுடன் முதலில் நடப்பது, அந்தத் தாயின் குடிவரவு நிலையை உள்துறை அமைச்சான ஹோம் ஒஃபிஸிடம் கேட்டு உறுதி செய்வது. இதற்கென்றே இஸ்லிங்டன் கவுன்சில் நடத்தும் ஒரு பொதுத் தரவுத்தளத்தில் நாட்டின் பல கவுன்சில்கள் சேர்ந்திருக்கின்றன. உதவி கேட்பவர் சட்டபூர்வ அனுமதி இல்லாமல் இருப்பவராகத் தெரிந்தால் அதை ஹோம் ஒஃபிஸுக்கு அறிவிக்கவேண்டும் என்று 2002-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை கட்டாயப்படுத்துகிறது. பிள்ளைக்குச் சாப்பாடு கேட்டுச் சொன்ன விவரம், தாயை நாடுகடத்தும் கோப்பிலும் போய்ச் சேரலாம். அதனால் வராமலே இருந்துவிடுகிறார்கள். பசியோடு இருப்பது பிள்ளை.

பள்ளிகளிலும் இதே கதை நடந்தது. 2016 இலையுதிர் காலத்தில் கல்வித் துறை, ஒவ்வொரு பிள்ளையின் தேசியத்தையும் பிறந்த நாட்டையும் பள்ளிகள் கேட்டுப் பதியவேண்டும் என்றது. மாதம் 1,500 பிள்ளைகள் வரை விவரங்களை ஹோம் ஒஃபிஸுக்குக் கொடுக்க அதற்கு முன்பே இரண்டு துறைகளுக்கும் உடன்பாடு இருந்தது வெளியே தெரியவந்தது. பெற்றோர்கள் பலர் பதில் சொல்ல மறுத்தார்கள், ஆசிரியர்களும் சேர்ந்துகொண்டார்கள். 2018-இல் அந்தக் கேள்வியைக் கைவிட்டார்கள். மறுத்தால் மாற்றலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. விசாச் சிக்கல் உள்ளவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: கவுன்சிலுக்குப் போவதற்கு முன் ஒரு குடிவரவு வழக்கறிஞரையோ இலவசச் சட்ட மையத்தையோ பாருங்கள். உதவி கேட்காமல் இருந்துவிடாதீர்கள், என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

இவ்வளவும் சட்டம் அனுமதித்த பகிர்வு. தவறிப்போய் வெளியே போவது வேறு.

ஈஸ்ட் ஹாம், மேனர் பார்க் பக்கம் உள்ளவர்களுக்கு நியூஹாம் கவுன்சில் தெரியும். லண்டன் பொலிஸ், 2011 கலவரத்துக்குப் பிறகு, வன்முறைக் குழுக்களில் இருப்பதாகத் தான் சந்தேகிக்கும் இளைஞர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. ஒவ்வொருவரின் பெயர், பிறந்த தேதி, விலாசம், எந்தக் குழு, ஆயுதம் வைத்திருப்பவரா என்றெல்லாம் அதில் இருக்கும். வன்முறையைத் தடுப்பதற்காக அதைக் கவுன்சிலோடு பகிர்ந்தார்கள். 2017 ஜனவரியில் நியூஹாம் ஊழியர் ஒருவர் அதை மின்னஞ்சலில் 44 பேருக்கு அனுப்பினார். பெயர்களை மறைத்த பிரதியோடு மறைக்காத பிரதியும் போனது. அதில் 203 பேரின் விவரம். அந்த வருடம் மே முதல் செப்டம்பர் வரையான காலத்தில் எதிர்க் குழுக்களைச் சேர்ந்தவர்களின் ஃபோன்களுக்கு அதன் படங்கள் ஸ்னாப்சாட் வழியாக வந்துவிட்டன. அதே வருடம் நியூஹாமில் குழு வன்முறைகள் நடந்தன, தாக்கப்பட்டவர்களில் பட்டியலில் இருந்தவர்களும் உண்டு. ஒன்றுக்கொன்று தொடர்பு என்று நிரூபிக்க முடியாது என்று தரவுப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் தகவல் ஆணையர் அலுவலகம் சொன்னது. கசிந்ததைக் கவுன்சில் அந்த அலுவலகத்துக்கு அறிவிக்கவே இல்லை. உள்விசாரணை தொடங்கியது டிசம்பரில்தான். 2019-இல் 145,000 பவுண்ட் தண்டம் விதித்தார்கள். அந்தப் பொலிஸ் பட்டியலை நடத்திய விதமும் சட்டத்துக்குப் புறம்பானது என்று 2022-இல் பொலிஸே ஒப்புக்கொண்டது, பிறகு முழுவதுமாகக் கைவிட்டது. பட்டியலில் பெரும்பான்மை கறுப்பின இளைஞர்கள். சந்தேகத்தின் பேரில் மட்டும் பெயர் ஏறியவர்களும் அதில் இருந்தார்கள். சந்தேகத்தில் ஏறிய பெயருக்கும் கத்திக் குத்து உண்மையாகத்தான் விழும்.

இஸ்லிங்டனில் 2012-இல் நடந்தது எந்த அலுவலகத்திலும் நாளைக்கே நடக்கக்கூடியது. வீட்டு ஒதுக்கீடு பற்றித் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒருவர் கேள்வி கேட்டார். கவுன்சில் எக்செல் கோப்பில் பதில் அனுப்பியது. திறந்தால் தெரிவது வெறும் எண்ணிக்கைகள்: இந்த வகையில் இத்தனை பேர், அந்த வகையில் இத்தனை பேர். ஆனால் பிவட் டேபிள் என்ற அந்த வகை அட்டவணை, கூட்டலுக்குப் பயன்பட்ட மூலப் பட்டியல் முழுவதையும் தனக்குள்ளேயே வைத்திருக்கும். ஒரு எண்ணின் மேல் இரண்டு தடவை சொடுக்கினால் போதும், அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆட்களின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். 2,000-க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்களின் விவரம் அப்படி இணையத்துக்குப் போனது. யாருக்கு மனநோய், யார் குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வந்தவர் என்பதுகூட அதில் இருந்தது. தண்டம் 70,000 பவுண்ட். பாசில்டன் கவுன்சிலில் 2015-இல், நாடோடிச் சமூகக் குடும்பம் ஒன்றின் வீட்டு அனுமதி விண்ணப்பத்தோடு வந்த அறிக்கையை அப்படியே இணையத்தில் போட்டுவிட்டார்கள். அவர்களின் நோய்கள், பெயர்கள், வயதுகள் எல்லாம் வாரக் கணக்கில் அங்கே கிடந்தன.

இந்த மூன்றிலும் வெளியே போனது யாருடைய விவரம் என்று பாருங்கள். பொலிஸ் சந்தேகித்த இளைஞர்கள், கவுன்சில் வீட்டில் இருந்தவர்களும் அதற்கு விண்ணப்பித்தவர்களும், நாடோடிக் குடும்பம். வசதியான வீட்டுக்காரரைப் பற்றிக் கசிவதற்குக் கவுன்சிலிடம் பெரிதாக ஒன்றும் இல்லை.

2020 அக்டோபரில் ஹாக்னி கவுன்சிலின் கணினிகளைத் தாக்கியவர்களுக்கு உள்ளே நுழைய வழி கிடைத்ததற்குக் காரணம், எவரும் பயன்படுத்தாத ஒரு பழைய கணக்கின் பலவீனமான கடவுச்சொல்லை யாரும் மாற்றாதது. 440,000 கோப்புகள் பூட்டப்பட்டன, குறைந்தது 280,000 பேர் பாதிக்கப்பட்டார்கள். வீட்டு உதவிப் பணம் மாதக் கணக்கில் தடுமாறியது. வீடு வாங்குபவர்களுக்குத் தேவையான நிலப் பதிவுத் தேடல்கள் நின்றுபோயின. இந்தத் தடவை தண்டம் இல்லை. 2024-இல் தகவல் ஆணையர் கொடுத்தது எழுத்தில் ஒரு கண்டிப்பு மட்டுமே. பொதுத்துறைக்குத் தண்டம் விதித்தால் அது மக்களுக்கான சேவையிலிருந்துதான் போகும் என்பது 2022-இல் ஆணையர் ஜோன் எட்வர்ட்ஸ் எடுத்த நிலைப்பாடு. அதில் நியாயம் இருக்கிறது: ஹாக்னி மக்களின் தகவல் போனதற்கு ஹாக்னி மக்களே பணம் கட்டுவது சரியாகப் படவில்லை. ஆனால் தண்டத்தை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் வேறு ஏதாவது வேண்டும். பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும், அவருடைய எந்த விவரம் போனது என்று அவருக்குப் புரியும் மொழியில் கடிதம் அனுப்பக் கட்டாயப்படுத்தலாம். பொறுப்பான மேலதிகாரியின் பெயரைச் சொல்லலாம். வெறும் கண்டிப்புக் கடிதம் ஒரு கவுன்சிலை மாற்றும் என்று நான் நம்பவில்லை.

அதுவரை நம் கையில் இருப்பது, கோப்பைக் கேட்டு வாங்கும் உரிமை. இதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, தனிப் படிவமும் கட்டாயமில்லை. ஃபோனில் கேட்டாலும் செல்லும், ஆனால் எழுத்தில் இருப்பது நல்லது. 'என்னைப் பற்றி உங்களிடம் இருக்கும் எல்லா விவரங்களின் பிரதியும் வேண்டும். வீட்டுப் பிரிவு, வரிப் பிரிவு, சமூக சேவைப் பிரிவு மூன்றிலும் உள்ள குறிப்புகள், மின்னஞ்சல்கள், ஃபோன் அழைப்புக் குறிப்புகள் உட்பட. இவற்றை யார் யாரோடு பகிர்ந்தீர்கள் என்பதையும் தெரிவிக்கவும்' என்று இரண்டு மூன்று வரி, அதோடு பெயர், விலாசம், பிறந்த தேதி. எந்தப் பிரிவு என்று குறிப்பிடாமல் எழுதினால் இழுத்தடிப்பார்கள். ஒரு மாதத்துக்குள் தரவேண்டும். மிகச் சிக்கலான கோப்பு என்றால் மேலும் இரண்டு மாதம் எடுக்கலாம், ஆனால் அதை முதல் மாதத்துக்குள்ளேயே சொல்லிவிடவேண்டும்.

வந்ததும் முதலில் பெயரையும் பிறந்த தேதியையும் பாருங்கள். தகப்பன் பெயரை முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்று ஒவ்வொரு அலுவலகமும் ஒவ்வொரு விதமாக எழுதுவதால், நம்மில் ஒரே ஆள் கணினியில் இரண்டு பேராக இருப்பதும், இரண்டு பேர் ஒருவராகச் சேர்ந்துவிடுவதும் சாதாரணமாக நடக்கிறது. ஒரு அண்ணையின் கோப்பை வாங்கிப் பார்த்தபோது, அவர் குடியிருந்தே இராத வீட்டின் வாடகைப் பாக்கி அவர் பேரில் இருந்தது. அதே பெயர், அதே தகப்பன் பெயர், வேறு பிறந்த தேதி. வருடக் கணக்காக வீட்டுப் பட்டியலில் பின்னுக்குத் தள்ளப்பட்டதற்கு அது ஒரு காரணமா என்று கேட்டு எழுதினோம். பாக்கியை நீக்கினார்கள், பட்டியலில் அவருடைய இடத்தையும் திரும்பக் கணித்தார்கள்.

சில வரிகள் கறுப்பாக அடித்து வரும். மற்றவர்களின் விவரம் என்றால் அது சரி. ஒரு பக்கம் முழுவதும் கறுப்பு என்றால், எந்த விதிவிலக்கின் கீழ் மறைத்தீர்கள் என்று கேளுங்கள், சொல்லவேண்டியது அவர்கள் கடமை. பிழை இருந்தால் எந்தப் பக்கம், எந்த வரி, சரியானது எது, ஆதாரம் என்ன என்று எழுதித் திருத்தச் சொல்லுங்கள். அதற்கும் ஒரு மாதம்தான். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அந்தக் கடிதத்தை வைத்து முதலில் கவுன்சிலிடமே முறைப்பாடு செய்யுங்கள், பிறகு தகவல் ஆணையர் அலுவலகத்துக்குப் போகலாம். அங்கேயும் செலவில்லை.